நான்கடி இரண்டங்குலத்தில் ஒரு கோடு

கட்டடத்தின் தரைத்தளத்தில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுச் சுவர்களிலும் தரையிலிருந்து நான்கடி இரண்டங்குல உயரத்தில் ஒரு நீலக் கோடு ஓடியது. அறை திரும்பினாலும், கதவு குறுக்கிட்டாலும், வீடே மாறினாலும் கோட்டின் உயரம் மாறவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆறு கரையை மீறி வந்தபோது தண்ணீர் அந்த உயரத்துக்கு நின்றது என்பதற்கு நிவாரண அலுவலகம் இட்ட அடையாளம் அது. குடியிருந்தவர்கள் அதன் மேல் நாட்காட்டி மாட்டினார்கள். அலமாரியை நகர்த்தி மறைத்தார்கள். அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. பேசாமலிருக்கக் காரணம் இருந்தது.

ஐந்தாம் எண் வீட்டில் எலெக்ட்ரீசியன் ஒயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். அவர் தொழிலில் மற்றவர்கள் கண்ணளவில் வேலையை முடித்துவிடுவார்கள். இவர் சாய்வைக் குமிழி வைத்துக் காட்டும் கையகல ரசமட்டம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். சுவிட்ச் போர்டு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவார். அந்தச் சாய்வு வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. இவர் கண்ணுக்குத் தெரியும், அது போதும்.

நாற்பது ஆண்டுப் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க வீட்டு வசதி வாரியம் நியமித்த ஒப்பந்தக்காரரிடம் அவருக்கு நான்கு மாதமாக வேலை. கீழ்ச்சுவர்ப் பூச்சை மூன்றடி வரை கொத்தியெடுத்துவிட்டு ஈரம் தாங்கும் பூச்சு பூச வேண்டும். கால்மாட்டில் இருந்த பிளக் பாயிண்டுகளை மேலே ஏற்ற வேண்டும். அதே தளத்தில் மூன்றாம் எண் வீட்டில்தான் அவர் குடியிருந்தார். "வாசப்படி தாண்டினா ஆபீஸ். இருந்தும் அஞ்சு நிமிஷம் லேட்டு" என்று மேஸ்திரி தினமும் ஒருமுறை சொல்வார். அது பொய். அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பத்து மணிக்கு வாரியத்தின் இன்ஜினியர் அம்மாள் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். ரப்பர் பூட்ஸ் அணிந்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அந்த மாதத்தில் அவர் பார்க்கும் பதினேழாவது கட்டடம் இது. முகத்தில் பதினேழும் தெரிந்தன.

"உளியைக் கீழ வைங்க. தரைத்தளத்து வேலையை நிறுத்தியாச்சு."

"ஏன் மேடம்?"

"புதுச் சுற்றறிக்கை. போன வெள்ளத்துல மூணரை அடிக்கு மேல தண்ணி நின்ன வீட்ல இனிமே யாரும் குடியிருக்கக் கூடாது. சுவரை எடுத்துட்டுத் தூணை மட்டும் விட்டுடுவோம். அடுத்த தடவை தண்ணி வந்தா வந்த வழியே போகட்டும்."

"இருக்கறவங்க எங்க போறது?"

"ஊருக்கு அந்தக் கடைசியில புதுக் குடியிருப்பு. ஏழாவது மாடி. ரெண்டு பஸ் மாறணும்."

சொல்லிக்கொண்டே அவர் டேப்பை நீட்டி நீலக் கோட்டை அளந்தார். நான்கு இரண்டு. வெளியே போய் அடுத்தடுத்த வீடுகளில் அளந்துவிட்டுத் திரும்பிவந்தார். எல்லாம் நான்கு இரண்டு. அவர் முகத்தில் முதல்முறையாகச் சோர்வல்லாத ஏதோ ஒன்று தெரிந்தது.

"பதினாறு கட்டடம் பார்த்துட்டேன். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் கழுத்தளவு. தண்ணி என்ன, ஆளைப் பார்த்தா ஏறும்? அதையெல்லாம் நான் நம்பலை, மறுபடி அளக்கச் சொல்லிட்டேன். இங்க அந்த வேலையே இல்ல. இவ்வளவு நேர்மையான கோட்டை நான் பார்த்ததே இல்ல."

ரசமட்டம் உளியைக் கீழே வைத்தார். இருபத்தாறு ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் யாரும் அவர் வேலையை இப்படிப் பாராட்டியதில்லை. பாராட்டு வேறு எதற்காவது வந்திருக்கலாம்.

அந்தக் கோட்டின் உயரத்தைக் குறித்தவர் அவர்தான்.

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், நிவாரணப் பட்டியல் எடுக்க ஆள் வருவதாகச் செய்தி வந்தது. பட்டியலில் மூன்றே கட்டங்கள்: முழங்கால், இடுப்பு, மார்பு. முழங்காலுக்குப் பாயும் போர்வையும். இடுப்புக்கு அடுப்பும் பாத்திரங்களும். மார்புக்கு அவற்றோடு கட்டிலும் இரும்பு அலமாரியும். உண்மையில் தண்ணீர் நின்றது இரண்டடி ஐந்தங்குலம். எட்டு வீட்டுக் கட்டில்களும் அதிலேயே ஊறி உப்பிப் பிளந்துவிட்டன. கட்டில் நனைய மார்பளவு தண்ணீர் தேவையில்லை என்பதைப் பட்டியல் போட்டவர் யோசிக்கவில்லை.

ஆளாளுக்குச் சேற்றை அள்ளிச் சுவரில் பூசக் கிளம்பினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயரத்தில் பூசினால் வருகிறவர் சிரிப்பார் என்று தடுத்தவர் ரசமட்டம். பொய் சொல்வதில் அவருக்கு இருந்த தயக்கத்தைவிட, அதைக் கோணலாகச் சொல்வதில் இருந்த தயக்கம் பெரிது. நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தைக் குறித்துக் குறித்து, வீடு வீடாக நகர்ந்து, ஒரு பகல் முழுவதும் அந்தக் கோட்டை இழுத்தார். வண்டலைத் தேயிலைச் சாயத்தில் கரைத்துக் கோட்டுக்குக் கீழே மட்டும் பூசச் சொன்னார். தடங்கள் வடிந்த நீர் விட்டுச்சென்றவை போலவே இருந்தன. வந்த எழுத்தர் எட்டு வீட்டையும் பார்த்தார், தலையாட்டினார், கறையின் மேல்விளிம்பை ஒட்டி நீலச் சாயத்தால் கோடு போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். பட்டியலில் சாட்சிக் கையெழுத்து ரசமட்டத்தினுடையது.

எட்டு வீட்டுக்கும் அலமாரி வந்தது. அதற்குப் பின் தனக்காக அவர் ஒரே ஒரு காரியம் செய்தார். தன் வீட்டுச் சுவிட்ச் போர்டின் மரப்பலகையைக் கழற்றி, அதன் உட்புறத்தில் பென்சிலால் தேதியையும் "2 அடி 5 அங்குலம்" என்பதையும் எழுதி, மறுபடி மூடினார். யாரும் பார்ப்பதற்காக அல்ல. சரியான அளவு எங்காவது ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

மதியத்துக்குள் செய்தி எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஆறாம் எண் வீட்டுத் தையல்காரி கழுத்தில் தொங்கும் டேப்போடு படிக்கட்டின் கீழ் அவரை மடக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், தாங்கள் எதற்கும் வரவில்லை என்பதைப்போல நின்றார்கள்.

"அண்ணே, நீங்க ஏத்துன கோடு. நீங்களே இறக்குங்க."

"கொடியில காயற துணியா, இறக்கறதுக்கு? ரிஜிஸ்டர்ல இருக்கு, போட்டோல இருக்கு."

"அப்ப வாயைத் திறந்து சொல்லுங்க. சுத்தி இருக்கற நாலு தெருதான் எனக்குப் பொழப்பு. ஏழாவது மாடில மெஷினைப் போட்டு உக்காந்து யாருக்குத் தைப்பேன்? காக்காவுக்கா?"

"சொன்னா என் வேலை போயிடும்மா."

"சொல்லலைன்னா எட்டு வீடு போயிடும். அதுல உங்களதும் ஒண்ணு."

அவள் குரலைத் தணித்தாள்.

"கேட்டது நாங்கதான், இல்லைங்கல. ஆனா நாங்களே பூசியிருந்தா அந்தம்மா பார்த்தவுடனே சிரிச்சிருப்பாங்க, மறுபடி அளந்திருப்பாங்க, தப்பிச்சிருப்போம். நீங்க பூசினதாலதானே அண்ணே நம்பித் தொலைக்கிறாங்க?"

அது முழுக்கச் சரியாக இருந்தது.

மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அவள் தம்பி, கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான். மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் அந்தக் கட்டில் அவன் வீட்டுக்குத்தான் ஏறும். அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பின் தண்ணீர் உள்ளே வந்தது மூன்று முறை. வருமென்று சொல்லி வராமல் போனது எட்டு முறை. கட்டில் ஏறியது பதினொரு முறை.

"வாங்க மாமா. இந்தக் கட்டில் உங்க வீட்ல தூங்கினதைவிட என் வீட்ல தூங்கினதுதான் அதிகம். ரேஷன் கார்டுல பேர் சேர்க்கணும்போல."

"காலை மடக்கிப் பேசு மச்சான். சட்டம் தளருது." அவர் சுவரோரம் உட்கார்ந்தார். "நாளைக்கு இன்ஜினியரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

மனைவி மடிப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"எதுக்குன்னா? வீடு போயிடுமே."

"போகட்டுமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினாள். கோபமில்லாமல், களைத்த குரலில்.

"ஏழாவது மாடிங்க. அங்க தண்ணி வரணும்னா குழாய்லதான் வரணும். வானம் கறுத்தா மூட்டை கட்ட வேண்டாம். அரிசி டப்பாவைத் தலையில வெச்சு மாடி ஏற வேண்டாம். சேறு வழிச்ச வெளக்குமாத்தை அலசி அலசி என் கையில ரேகையே இல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சொன்ன பொய்யால இப்பத்தான் எனக்கு ஒரு நல்லது நடக்கப் போகுது. அதையும் வாபஸ் வாங்கணுமா?"

"ரெண்டு பஸ்…"

"எட்டு மாசத்துக்கு ஒரு வேலை மாத்தறீங்க. எல்லாத்துக்கும் ரெண்டு பஸ்தான்."

தம்பி எழுந்தான். "அக்கா, மாமா, நான் மேல போறேன். அங்க தண்ணி வராது." சிரிக்க யாரும் இல்லாததால் அவனே கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனான்.

அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். அலமாரிக்கு இரு பக்கமும் நீலக் கோடு எட்டிப் பார்த்தது. அவளுடைய கணக்கில் பிழை இல்லை. தையல்காரியின் கணக்கிலும் பிழை இல்லை. பிழை இருந்தது சுவரில் மட்டும்தான். அதுவும் மட்டமாக இருந்தது.

மறுநாள் காலை இன்ஜினியர் அம்மாள் கோப்பில் கையெழுத்து வாங்க வந்தபோது, ரசமட்டம் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தை அவர் தேர்ந்தெடுத்தாரா என்பதை அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்த பழைய பிளக் பாயிண்டைத் திறந்தார். உள்ளே வண்டல் கல்லாய் இறுகியிருந்தது. பிறகு மூன்றடி உயரத்தில் இருந்த சுவிட்ச் போர்டின் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒட்டடை, ஒரு செத்த பல்லி, நாற்பது ஆண்டுத் தூசி. பித்தளைத் திருகுகள் மங்காமல் மின்னின. சேற்றின் சாயல்கூட இல்லை.

"தண்ணி இதைத் தாண்டியிருந்தா இது இப்படி இருக்காது மேடம்."

பலகையைத் திருப்பிப் பென்சில் எழுத்தைக் காட்டினார். இன்ஜினியர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். நீலக் கோட்டைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"அந்தக் கோடு யார் போட்டது?"

"உயரம் நான் குறிச்சதுங்க. டியூப்ல தண்ணி ஊத்தி."

"அதான் பார்த்தேன்." அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று ரசமட்டம் காத்திருந்தார். திட்டுவதற்கு வேண்டிய தெம்பு அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. "இருபது வருஷ சர்வீஸ். சொதப்பலாப் பொய் சொல்றவனைத்தான் கண்டுபிடிக்கப் பழகியிருக்கேன். நீங்க புது ரகம்."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"அதுக்கு ஃபாரத்துல இடம் இல்ல." அவர் ஒரு தாளை எடுத்தார். "கோடு தப்புன்னு எட்டு ஒதுக்கீட்டுதாரரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒரே கோடு, ஒருத்தர் போடலைன்னாலும் கோடு நிக்கும். எட்டும் வந்தா ரெண்டு அஞ்சுன்னு திருத்தி, வேலையைத் தொடரச் சொல்லி எழுதிடறேன். மூணு மணிக்குள்ள வேணும்."

வெளியேறும்போது அவர் வாசலில் நின்று கீழே பார்த்தார். "வெள்ளத்துக்கப்புறம் இந்த ரோட்டை எத்தனை தடவை போட்டாங்க?"

"நாலு தடவைங்க. பழசைச் சுரண்டாம அது மேலேயே போட்டாங்க."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார். கேள்வி மட்டும் நின்றது. ரசமட்டம் வாசற்படியில் குந்தி, சாலைக்கும் வீட்டுத் தரைக்கும் டேப் பிடித்தார். வெள்ளம் வந்த ஆண்டில் வீட்டுத் தரை சாலையைவிட ஏழங்குலம் உயரம். படியேறி உள்ளே வருவார்கள். இப்போது சாலை தரையைவிடப் பதின்மூன்று அங்குலம் உயரம், படியிறங்கி வருகிறார்கள். இருபது அங்குலம். அன்றைக்குச் சாலையில் நின்ற அளவே மறுபடி நின்றாலும், வீட்டுக்குள் நிற்கப்போவது நான்கடி ஓரங்குலம்.

அவர் சுவர்க் கோட்டை நினைத்துக்கொண்டார். ஓரங்குலம்தான் பிசகு.

பன்னிரண்டு மணிக்குள் ஏழு கையெழுத்து வந்துவிட்டது. தையல்காரி தாளை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செய்தி மேஸ்திரிக்கும் போயிருந்தது. அவர் ரசமட்டத்தின் தோளில் கைபோட்டுத் தனியே நகர்த்திக்கொண்டு போனார்.

"முதலாளி சொல்லிட்டார். இந்தக் கட்டடத்தை முடிச்சுக் குடுத்துடு. அடுத்ததுக்கு வேற ஆளு. தப்பா நினைச்சுக்காதப்பா."

"சரிங்க."

"அந்தாள் மட்டம்னு பார்க்கவே மாட்டான், தெரியுமா? போர்டெல்லாம் குடிகாரன் மாதிரி நிக்கும்." மேஸ்திரிக்கு அதில் உண்மையான வருத்தம் இருந்தது.

எட்டாவது கையெழுத்து மூன்றாம் எண் வீட்டினுடையது. ஒதுக்கீட்டு ஆணை மனைவியின் பெயரில் இருந்தது. அவள் அடுப்படியில் நின்று தாளை முழுதும் படித்தாள். தையல்காரி வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"எட்டு வீட்டுச் சாவியையும் என் பேனாவில கோத்துட்டீங்க," என்றாள் மனைவி.

அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டடி அஞ்சங்குலம்னு எழுதியிருக்கு. சரி, அது போன தடவை. அடுத்த தடவை எவ்வளவு வரும்?"

இதை இன்ஜினியர் அம்மாள் கேட்கவில்லை. ஃபாரத்தில் இதற்கும் இடமில்லை. தெரியாது என்று சொல்லலாம். எலெக்ட்ரீசியனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அல்ல. வாசலில் தையல்காரி டேப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலடி ஒரு அங்குலம்," என்றார். "கொறஞ்சது."

"எப்படி?"

சொன்னார். சாலை, படி, இருபது அங்குலம். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது, தான் கேட்ட கையெழுத்துக்கு எதிராகவே வாதாடி முடித்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அக்கா," என்றாள் தையல்காரி. "நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. உங்க கஷ்டம் எனக்கும்தானே. போன மழைக்கு என் மெஷினோட ஒரு பக்கத்தைப் பிடிச்சுத் தூக்கினது நீங்கதான்."

மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"போறதுன்னாலும் மூட்டை கட்டணும். இருக்கறதுன்னாலும் மூட்டை கட்டணும். தெரிஞ்ச படிக்கட்டுல கட்டிட்டுப் போறேன்." கையெழுத்திட்டாள். அவளுடைய கையெழுத்து எப்போதும் வலப்பக்கம் ஏறும், இப்போதும் ஏறியது. "ஆனா ஒண்ணு. மேடம் என்ன உயரம் எழுதினாலும் சரி, இங்க ஒரு ஒயர்கூட அந்த நீலக் கோட்டுக்குக் கீழ வரக் கூடாது. கட்டில் அளவுக்கு ஒரு பரண் கட்டிக் குடுங்க. இனிமே நான் கட்டில் தூக்க மாட்டேன்."

திருத்தப்பட்ட உத்தரவு பத்தாம் நாள் வந்தது. வெள்ள உயரம் இரண்டடி ஐந்தங்குலம். சுவிட்ச் போர்டுகள் மூன்றடிக்கு மேல் இருக்க வேண்டும். பழைய நீலக் கோட்டை அழித்துவிட வேண்டும். மூன்றடிக்கு எவ்வளவு மேல் என்று உத்தரவில் இல்லை. ரசமட்டம் எட்டு வீட்டிலும் போர்டுகளை நீலக் கோட்டுக்கு ஓரங்குலம் மேலே ஏற்றினார். தையல்காரி உயரம் குறைந்தவள்.

"என்னண்ணே இது, லைட்டு போட ஸ்டூல் போட்டு ஏறணுமா?"

"ஏறு."

"தூணாவே விட்டிருக்கலாம் போலிருக்கே," என்று முனகிக்கொண்டு அவள் ஸ்டூலை இழுத்துவந்தாள். ஏறி, விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

ஏழு வீட்டில் கோடு புதுச் சுண்ணாம்புக்குள் போனது. மூன்றாம் எண் வீட்டில் மட்டும், சாயம் பழையது, சுண்ணாம்பு பிடிக்கவில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "ஆமாமா, பிடிக்காது" என்றார்.

கடைசியாகத் தன் வீட்டுப் போர்டை மாட்டினார். நான்கு திருகையும் இறுக்கி, மேல்விளிம்பில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. மனைவி பரணின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மட்டமா இருக்கா?"

"இருக்கு."

"கோட்டுக்கு எவ்வளவு மேல?"

"ஓரங்குலம்."

அவள் வாசலுக்கு வெளியே, தரையைவிட உயர்ந்து நிற்கும் சாலையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அடுத்த முறை போடும்போதும் அதைச் சுரண்டப்போவதில்லை. பிறகு அடுப்படிக்குப் போனாள்.

நான்கு தடவைக்கு இருபது அங்குலம், அடுத்த தடவைக்கு இன்னும் ஐந்து என்று ரசமட்டம் கணக்குப் போட்டார். திருகுளியை எடுத்து முதல் திருகைக் கழற்றத் தொடங்கினார்.